வாங்காத சீமெந்து

கார்ட் மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டு பழனியாண்டி முதலாளி ஹாட்வெயார் வாசலுக்கு வந்தார். கடைக்குள்ளே சிக்னல் கிடைக்காது. கூரைத் தகரத்தின் விளிம்பிலிருந்து மழை கயிறு கயிறாக இறங்கிக்கொண்டிருந்தது. மெஷினைப் பொலித்தீன் பைக்குள் போட்டு, கையை மட்டும் வெளியே மழையில் நீட்டினார். ஜெயந்தினி எட்டி நின்று கார்டைச் செருகினாள்.

"என்ன சாமான்னு பில்லு போட, டீச்சர்?"

"ஏதாவது போடுங்க."

"ஏதாவதுன்னு எழுத முடியாதுங்களே. சீமெந்துன்னு போட்டுக்கிறேன். முப்பது மூட்டை." அவர் சிரித்தார். "இத வச்சி நீங்க இன்னொரு மாடி எழுப்பலாம்."

மெஷின் சற்று நேரம் யோசித்துவிட்டு நாக்கை நீட்டியது. அவர் தாளைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். உள்ளே போய், தன்னுடைய நூற்றுக்கு மூன்றைப் பிடித்துக்கொண்டு மீதியை மேசைமேல் வைத்தார். சீமெந்து எதுவும் இடம் மாறவில்லை. கார்டில் கூலி கொடுக்க வேண்டியவர்களுக்கு அந்த ஊரில் இதுதான் வழி. கடைக்காரர் சாமான் விற்றதாக எழுதிவிட்டுக் காசு கொடுப்பார்.

"மூணு கவர் இருக்கா, முதலாளி? புது நோட்டா இருந்தா நல்லது."

"என்னங்க டீச்சர், தொரைமாரு மாதிரி கவர்ல போட்டுக் குடுக்கப் போறீங்களா?"

"தீவாளிக்கு. வேலை செய்றவங்களுக்கு அட்வான்ஸ்."

பழனியாண்டி கவரைத் தேடிய கையை நிறுத்தினார். "கொந்தராத்து எடுத்த பையனுக்குத் தெரியுமா?"

"என் வீடுதானே, முதலாளி."

"அதுவும் சரிதாங்க" என்று சொல்லிவிட்டு அவர் கவர்களைத் துடைத்துக் கொடுத்தார்.

தலவாக்கலையில் அவளுடைய வீடு சரிவில் நிற்கிறது. வீதியிலிருந்து பார்க்கும்போது சின்ன வீடு. அதன் அடியில் சரிவைக் குடைந்து கட்டிய இன்னொரு வீடு இருக்கிறது. பக்கத்துப் படிகளில் இறங்கினால் அதற்குத் தனி வாசல். மேல் வீட்டின் தரை பலகை. கீழே ஒருவர் இருமினால் மேலே கேட்கும்.

மேல் வீட்டில் ஜெயந்தினி தனியாக இருந்தாள். நாற்பத்தேழு வயது. காலையில் பஸ் பிடித்து, தோட்டப் பாடசாலையொன்றில் தமிழ் படிப்பிக்கப் போவாள். அவளும் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். ஆசிரியர் நியமனம் கிடைத்துச் சில வருஷங்கள் கழித்து, ஓய்வு பெற்ற தபாலதிபர் ஒருவரிடமிருந்து வங்கிக் கடனில் இந்த வீட்டை வாங்கினாள். தகப்பன் அதைப் பார்க்க இருக்கவில்லை. தாய் வந்து சில காலம் இருந்தாள். டவுனில் பேச ஆளில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே இருந்து, இந்த வீட்டிலேயே இறந்தாள். தம்பி இத்தாலியில் இருக்கிறான். முதலில் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்தான், பிறகு பெருநாள்களில்.

அவளுக்கு மூன்று இடத்தில் சம்பந்தம் பேசினார்கள். மூன்றும் பேச்சோடு நின்றன. அதைப் பற்றி இப்போது யாரும் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டிருந்த காலம் தொந்தரவாக இருந்தது. கேட்காத காலம் வேறு மாதிரி இருந்தது.

கீழ் வீட்டில் முன்பு வங்கியில் வேலை செய்த ஒரு கணவனும் மனைவியும் வாடகைக்கு இருந்தார்கள். அவர்கள் பதுளைக்கு மாற்றலாகிப் போன பின் வீடு பூட்டிக் கிடந்தது. மலைப்பக்கத்துச் சுவர் ஈரம் குடித்துக் கறுத்தது. பாத்ரூமில் டைல்ஸ் ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தது. இரவில் ஒன்று விழும் சத்தம் கேட்டால் அவள் எழுந்து உட்கார்ந்து, அடுத்த சத்தம் வருகிறதா என்று காத்திருப்பாள்.

செப்டம்பரில் பிரியந்தி என்ற தாதி வீடு கேட்டு வந்தாள். கந்தப்பளைக்காரி. புருஷன் கட்டாரில் வேலை. டிசம்பர் முதலாம் தேதியிலிருந்து இந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றம் கிடைத்திருந்தது. கூட ஆறு வயதில் ஒரு மகள். பிள்ளை படிகளில் இறங்கி ஓடி, வெறும் அறைகளில் கத்திப் பார்த்துவிட்டு வந்தது.

"வாடகையெல்லாம் பரவால்லக்கா" என்றாள் பிரியந்தி. "இவளுக்கு இழுப்பு இருக்கு. சுவத்துல ஈரம் இருந்தா ராத்திரி மூச்சு எடுக்க மாட்டா. சுவத்தையும் பாத்ரூமையும் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னா நவம்பர் கடைசியில வந்துருவோம்."

"பண்ணலாம்."

"இன்னொன்னு கேக்கணும். கேக்க ஒரு மாதிரியா இருக்கு. எனக்கு நைட் டியூட்டி வரும். அந்த நாள்ல இவள மேல உங்ககிட்ட விட்டுட்டுப் போகலாமாக்கா? சும்மா படுத்துத் தூங்கிருவா. தொந்தரவு இல்ல."

"விடுங்க" என்றாள் ஜெயந்தினி. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது. அதைச் சமாளிக்க, "எப்பவாவதுதானே" என்று சேர்த்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் அலுமாரியைத் திறந்து சேலைகளுக்கு இடையில் தேடினாள். நுவரெலியாவில் ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு கருத்தரங்கில், வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருந்த வங்கிப் பையன்கள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். ஒரு மாதத்தில் தபாலில் கிரெடிட் கார்ட் வந்தது. அதை அவள் ஒரு முறைகூடப் பாவிக்கவில்லை. கவரிலிருந்து பிரிக்கும்போது நாப்தலின் மணந்தது.

வேலையை நிரோஷன் எடுத்தான். முப்பது வயது இருக்கும். கொழும்பில் கட்டட வேலை செய்துவிட்டு வந்து, டவுனில் சின்னச் சின்னக் கொந்தராத்துகள் எடுப்பவன். தொகையைச் சொன்னதும் ஜெயந்தினி அதை இரண்டு முறை திருப்பிக் கேட்டாள்.

"கார்ட் இருக்கா டீச்சர்?"

"இருக்கு. நீங்க எடுப்பீங்களா?"

"நா எதுல எடுக்கிறது, நெத்தியிலயா?" அவன் சிரித்தான். "பழனியாண்டி முதலாளிகிட்ட மெஷின் இருக்கு. சாமானுக்கு நேராவே இழுங்க. கூலிக்குன்னா, சாமான் வாங்கின மாதிரி இழுத்துட்டுக் காசா எடுத்துக்கலாம். எல்லாரும் அப்பிடித்தான் செய்றாங்க. மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டுங்க. வாடகை வந்தா அதுவே கட்டிரும்."

சுவரில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, ஈரம் தடுக்கும் பூச்சுப் பூசி, காயவிட்டு, வர்ணம் அடிக்க வேண்டும். சமையலறைச் சுவருக்குக் கொஞ்சம் டைல்ஸ். கடைசியாகப் பாத்ரூம். ஆறு வாரத்தில் முடியும் என்று நிரோஷன் சொன்னான்.

மூன்று பேர் வந்தார்கள். மூக்கன் பாஸ் தோட்டத்தில் பென்ஷன் வாங்கிவிட்டு மேசன் வேலைக்கு வந்தவர். துஷாந்த் டைல்ஸ் பதிப்பவன். சிவசாமி சாந்து குழைப்பவன். அவனுக்குப் பேச்சு குறைவு.

பஸ்ஸுக்குப் போகும் முன் ஜெயந்தினி கீழே இறங்கி எட்டிப் பார்ப்பாள்.

"எந்திரிங்கடா, டீச்சரம்மா பெரட்டுக்கு வந்துட்டாங்க" என்பார் மூக்கன் பாஸ். தோட்டத்தில் காலையில் ஆள் கூட்டிப் பெயர் வாசிப்பதுதான் பெரட்டு. முழு நாள் கூலி முழுப் பேர், பாதி நாள் கூலி அரைப் பேர்.

"எனக்கு முழுப் பேரா அரைப் பேரா டீச்சர்?" என்று துஷாந்த் கேட்பான்.

"வந்த நேரத்துக்கு அரைச் சம்பளம்தான்."

"பாஸு மட்டும் இப்பதானே வந்தாரு."

"நா வயசானவன்டா. என்னைய பாத்துத் தொரையே வணக்கம் சொல்லுவாரு."

"தொரை ஒங்களப் பாத்தாருன்னா வெரட்டிட்டுத்தான் வருவாரு."

அவள் சிரித்துக்கொண்டு படியேறுவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அந்தச் சிரிப்பு கொஞ்ச தூரம் வரும்.

சனி ஞாயிறுகளில் அவள் மேலே மேசையில் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவாள். பலகைக்குக் கீழே அவர்களுடைய பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். மேலே கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியாது. கிரிக்கெட், யூனியன், துஷாந்தின் காதல், மூக்கன் பாஸின் மருமகன் எல்லாம் வரும். ஒரு முறை அந்தப் பேச்சில் அவளும் வந்தாள்.

"பாவம் டீச்சரு. இம்மாம் பெரிய வீட்ல ஒத்தையா" என்றார் பாஸ்.

"என்னா பாவம்? மாசம் பொறந்தா சம்பளம்" என்றான் துஷாந்த்.

"சம்பளம் பேசுமாடா?"

ஜெயந்தினி பேனாவைத் தூக்கியபடியே இருந்தாள். கோபம் வரவில்லை. அடுத்து என்ன சொல்வார்கள் என்று கேட்கும் ஆவல்தான் இருந்தது. அவர்கள் வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள். அவள் எழுந்து ரொட்டி சுட்டு, காய்ந்த மிளகாயில் கட்டச் சம்பல் அரைத்து, பிளேன்டீ ஊற்றி எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஐந்து வருஷமாக ஒரு ஆளுக்குச் சமைத்தவளுக்கு மாவின் அளவு பிடிபடாமல் ரொட்டி மிஞ்சியது. மிஞ்சியதையும் சிவசாமியே சாப்பிட்டான்.

நான்காவது வாரம் சுவர் முடிந்தது. பாத்ரூமையும் கொத்திப் போட்டிருந்தார்கள். அங்கே டைல்ஸ் தொடங்க வேண்டிய நாளில் அவள், "பாஸ், இந்த மூலையில ஒரு ராக்கை கட்டினா என்ன? பிள்ளைக்குப் புத்தகம் வைக்க" என்றாள்.

ராக்கை கட்டினார்கள். அதற்கு அடுத்து ஜன்னலோரம் ஒரு சீமெந்துத் திண்டு. பிள்ளை ஏறி உட்கார்ந்து வெளியே பார்க்கலாம். அப்புறம் வாசலில் உயரம் குறைந்த ஒரு குழாய், பிள்ளை கால் கழுவ.

நிரோஷன் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். "இதெல்லாம் வரப்போற நர்ஸ் மிஸ்ஸி கேட்டாங்களா டீச்சர்?"

"கேக்கல. நானாத்தான்."

"நாள் ஓடுது. பாத்ரூம் அப்பிடியே கெடக்கு. அவங்களுக்கு வேண்டியது பாத்ரூம்."

"அது ஒரு கெழமை வேலைதானே தம்பி."

"கெழமை வேலைதான். ஆனா தீவாளி வருது பாருங்க."

ஒவ்வொரு தடவையும் அவள் ஹாட்வெயாருக்குப் போய்க் கார்டை இழுத்தாள். இழுப்பது கூலி கொடுப்பது மாதிரியே இருக்கவில்லை. கையிலிருந்து ஒன்றும் குறையவில்லை. கீழே வேலை மட்டும் நீண்டுகொண்டு போனது.

தீபாவளிக்கு முந்தைய வாரம் பஸ்ஸில் ஒரே பேச்சுத்தான். எந்தத் தோட்டத்தில் அட்வான்ஸ் கொடுத்தாயிற்று, எங்கே இழுத்தடிக்கிறார்கள், எங்கே கொழுந்தெடுக்க மலைக்குப் போகாமல் உட்கார்ந்துவிட்டார்கள். தீபாவளிக்கு முற்பணம் கொடுக்காத தோட்டம் கிடையாது. பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். ஜெயந்தினி பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரிந்த புதுச் சட்டை எல்லாமே அந்த அட்வான்ஸில் வந்ததுதான்.

ஞாயிற்றுக்கிழமை பலகைக்கு அடியில் மூக்கன் பாஸின் குரல் வந்தது. "தோட்டத்துல இருந்திருந்தா இந்நேரம் அட்வான்ஸ் கையில இருக்கும்."

"இங்க யாரு குடுப்பா? நிரோஷனா?" என்றான் துஷாந்த். "அவன் குடுத்த கூலியவே திருப்பிக் கேக்கிற ஆளு."

சிவசாமி அபூர்வமாக வாயைத் திறந்தான். "மகளுக்குச் சட்டை எடுக்கணும்."

அவ்வளவுதான். அவளிடம் யாரும் கேட்கவில்லை. மறுநாள் பாடசாலை விட்டதும் அவள் மழையில் ஹாட்வெயாருக்குப் போனாள்.

கவர்களைக் கீழ் வீட்டு ஹோலில் வைத்துக் கொடுத்தாள். புது வர்ண வாசனை இன்னும் போகவில்லை. மூக்கன் பாஸ் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினார்.

"டீச்சரம்மா நல்லா இருக்கணும்."

"அட்வான்ஸ்தான் பாஸ். பாத்ரூம் வேலையில கழிச்சிக்கலாம்."

"கழிச்சிக்கங்க, கழிச்சிக்கங்க" என்றான் துஷாந்த். கவருக்குள் ஒரு கண்ணால் பார்த்தான். "தொரைகூட இப்பிடிக் கவர்ல குடுத்தது இல்ல. பாஸ், நாம இனிமே டீச்சர் தோட்டத்திலயே பதிஞ்சிருவோம்."

சிவசாமி கவரை மடித்து, சட்டைப் பைக்குள் வைத்து, பையை வெளியிலிருந்து ஒரு தடவை தொட்டுப் பார்த்தான்.

"தீவாளி முடிஞ்சி திங்கக்கிழமை வந்துருவீங்கதானே?"

"என்னங்க கேள்வி இது?" என்றார் பாஸ். "வராம?"

தீபாவளியன்று அவள் விடியுமுன் எண்ணெய் வைத்துக் குளித்தாள். கோயிலுக்குப் போய் வந்தாள். அடுத்த வீட்டிலிருந்து ஒரு தட்டுப் பலகாரம் வந்தது. தட்டைக் கழுவி, அதில் தான் வாங்கி வைத்திருந்த லட்டுவை வைத்துத் திருப்பிக் கொடுத்தாள். தம்பி வீடியோவில் வந்தான். அவனுக்குப் பின்னால் பனி பெய்யாத ஒரு சாம்பல் தெரு தெரிந்தது. "சாப்பிட்டியா அக்கா?" என்றான். "சாப்பிட்டேன்" என்றாள். அவனுடைய மகன் இத்தாலி மொழியில் எதையோ சொல்லி அவனை இழுத்தான். படம் உறைந்தது.

மத்தியானம் அவள் கீழ் வீட்டுக்கு இறங்கிப் போனாள். திண்டில் உட்கார்ந்து பார்த்தாள். பெரிய ஆளுக்கு அது உயரம் போதாது. நைட் டியூட்டி நாளில் பிள்ளையை மேலே எந்தக் கட்டிலில் படுக்க வைப்பது என்று யோசித்தாள். தாயின் கட்டில் சுவரோரம் இருக்கிறது. அதை நடுவுக்கு இழுத்தால் சுவரின் குளிர் பிள்ளைக்குப் படாது. அவள் மேலே போய், அப்போதே கட்டிலை இழுத்துப் போட்டாள்.

திங்கட்கிழமை யாரும் வரவில்லை. தீபாவளிக் களைப்பு என்று நினைத்தாள். செவ்வாய் சிவசாமி மட்டும் வந்து படியில் நின்றான்.

"பாஸு எங்க?"

"கொத்மலைக்கு மக வீட்டுக்குப் போய்ட்டாருங்க. அங்க மருமகன் ஏதோ வேலை சொல்றாரு போல."

"துஷாந்த்?"

"கொழும்புக்கு."

"எப்ப வருவாங்க?"

"தெரியலீங்க. நா வந்துட்டேன்."

மேசன் இல்லாமல் அவனால் எதைக் குழைத்து யாருக்குக் கொடுக்க முடியும்? பாத்ரூமில் கொட்டிக் கிடந்த பழைய டைல்ஸ் உடைசல்களை அள்ளி மூட்டையில் கட்டி வெளியே வைத்தான். தேத்தண்ணி குடித்தான். மத்தியானத்தோடு போனான். ஒரு கிழமை அப்படி வந்து கூட்டிப் பெருக்கிவிட்டுப் போய், பிறகு அவனும் நின்றுவிட்டான்.

நிரோஷன் மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்காமலே பேசினான். "கவர்ல போட்டுக் குடுத்தீங்களாமே."

"தீவாளிக்குத் தம்பி. எல்லாத் தோட்டத்திலயும் குடுக்கிறதுதானே."

"தோட்டத்துல அட்வான்ஸ் வாங்கினவன் எங்க டீச்சர் போவான்? லயத்துல இருக்கான். புள்ள குட்டி அங்க. கட்டி முடிக்கிற வரைக்கும் மாசாமாசம் புடிப்பான் தொரை. நீங்க எதுல புடிப்பீங்க?"

"அவங்க ஏமாத்திற ஆளுங்க இல்ல."

"ஏமாத்துறாங்கன்னு நா சொன்னேனா? கையில காசு இருக்கு, பஸ்ஸுக்கு இருக்கு, கொழும்புல நாள் சம்பளம் கூட. போய்ட்டான். நா ஏன் வாராவாரம் கொஞ்சத்தப் புடிச்சி வச்சிக்கிட்டுக் குடுக்கிறேன்? கெட்டவன்னா?" அவன் ஹெல்மெட்டைக் கழற்றி மறுபடி போட்டான். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்."

"வேற ஆள் போடுங்க தம்பி."

"என் ஆளெல்லாம் டிசம்பர் நடு வரைக்கும் வேற எடத்துல. நுவரெலியால ஒருத்தன் இருக்கான். நம்பர் தாரேன். பாதிக் காசு மொதல்லயே கேப்பான்."

அன்று மாலை அவள் துஷாந்துக்குப் போன் எடுத்தாள். திட்ட வேண்டிய வார்த்தைகளை முதலிலேயே மனதில் அடுக்கிக்கொண்டாள். மறுபுறத்தில் ஏதோ மெஷின் இரைந்தது, ஆட்கள் கத்தினார்கள்.

"டீச்சர்! நானே எடுக்கணும்னு இருந்தேன், சத்தியமா. பத்து நாள்ல வந்து முடிச்சிக் குடுத்துருவேன். ஒங்க காசு எங்கயும் போகாது."

"மிஸ்ஸி மாசக் கடைசியில வாராங்க துஷாந்த்."

"வரட்டும் டீச்சர், வரட்டும். அங்க மழையா? இங்க வெயில் கொல்லுது. சாப்பிட்டீங்களா?"

"இன்னும் இல்ல. நீங்க?"

"இங்க என்னா சாப்பாடு. ஒங்க கட்டச் சம்பல நெனச்சிக்கிட்டு ரெண்டு துண்டு பாண் திங்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். காதலியைப் பற்றிக் கேட்டாள். அவன் சொன்னான். அவனை யாரோ கூப்பிடும் வரை பேசினார்கள். போனை வைத்த பிறகுதான், பத்து நாள் என்றால் எந்தத் தேதி என்று கேட்காதது நினைவுக்கு வந்தது.

பத்து நாள் போயிற்று. அவன் போனை எடுக்கவில்லை. அவள் நுவரெலியாக்காரனுக்கு எடுத்தாள். அவன் சிங்களத்தில் பேசினான். இரண்டு நாளில் முடிக்கலாம், பாதிக் காசு கையில் வைத்தால் நாளைக்கே வருகிறேன் என்றான். சரி என்று அவளும் சிங்களத்தில் சொல்லிவிட்டு ஹாட்வெயாருக்குப் போனாள்.

பழனியாண்டி முதலாளி மெஷினை வெளியே நீட்டினார். தாள் வரவில்லை. கார்டைத் துடைத்துவிட்டு மறுபடி செருகினார். வீதிக்கே இறங்கி, கையை உயர்த்திப் பிடித்தார். கடையில் ஆணி வாங்க நின்றவர்கள் வானத்தைப் பார்ப்பது போல் அந்தக் கையைப் பார்த்தார்கள்.

அவர் உள்ளே வந்து தலையைத் துவட்டினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோளாறு சிக்னல்ல இல்லீங்க டீச்சர். கார்ட்ல முடிஞ்சிருச்சி போல."

"கொஞ்சமாவது இருக்கும்."

"கேக்கிற தொகைக்கு இல்லீங்க." அவர் சாக்கு மூட்டைகளின் பக்கம் பார்த்தார். "சாமான் வாங்கிருந்தீங்கன்னா நா திருப்பி எடுத்துக்கிட்டு ஏதாவது பண்ணலாம். நீங்க வாங்கினது சீமெந்து இல்லியே."

சம்பளத்தில் பெரும்பகுதியை வீட்டுக் கடனுக்கு வங்கி முன்பே பிடித்துக்கொள்ளும். தம்பிக்கு எழுதலாம் என்று போனை எடுத்தாள். கேட்டால் அனுப்புவான். 'எதுக்கக்கா வாடகைக்கு விடுறே, உன் சம்பளம் உனக்குப் போதாதா?' என்றும் கேட்பான். எழுதத் தொடங்கிய 'தம்பி' என்ற சொல்லை அழித்தாள்.

நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை பிரியந்தி வந்தாள். மகள் மழைக் கோட்டுக்குள் தூங்கி வழிந்துகொண்டு வந்தாள். ஜெயந்தினி காலையிலிருந்தே கீழ் வீட்டைத் துடைத்து, ஜன்னல்களைத் திறந்து வைத்திருந்தாள்.

பிரியந்தி சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். "காஞ்சிருச்சேக்கா. நல்லா இருக்கு."

"இந்த ராக்கை பிள்ளைக்கு."

"அழகா இருக்கு."

"இந்தத் திண்டும். அந்தக் குழாய் அவ உயரத்துக்கு வச்சது."

பிரியந்தி எல்லாவற்றையும் பார்த்தாள். கடைசியில் பாத்ரூம் கதவைத் தள்ளினாள். நாலு பக்கமும் கொத்திப் போட்ட சுவர். தரையில் குழியைச் சாக்கால் மூடியிருந்தது. அவள் கதவைத் திரும்பச் சாத்தினாள்.

"இது எப்பக்கா முடியும்?"

"டிசம்பர் நடுவுல ஆள் வாராங்க. அதுவரைக்கும் மேல என்னுடையத பாவிக்கலாம். எனக்கு ஒன்னும் இல்ல." பிரியந்தி சாத்திய கதவையே பார்க்க, அவள் தொடர்ந்தாள். "இல்லன்னா ரெண்டு கெழமைக்கு நீங்க மேலயே என்னோட இருங்க. கட்டில் இருக்கு. நா போட்டுத்தான் வச்சிருக்கேன். சமையலும் ஒன்னாவே பண்ணிக்கலாம்."

பிரியந்தி மகளின் மழைக் கோட்டின் பொத்தானைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

"அக்கா, ஒங்ககிட்ட நேர்ல வந்து சொல்லணும்னுதான் வந்தேன். போன கெழமை இந்தப் பக்கமா வந்தப்ப வீதியில நின்னு பாத்தேன். வேலையாளு யாரும் இல்ல. எனக்குப் பயமாயிருச்சி. முதலாந்தேதி நா டியூட்டிக்கு நிக்கணும். ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல ஒரு வீடு கெடச்சிச்சி. நேத்துக் காசு குடுத்துட்டேன்."

"ஆ."

"சின்ன வீடுதான். இந்த மாதிரி இல்ல."

"பிள்ளை? நைட் டியூட்டிக்கு?"

"வீட்டுக்காரம்மா பாத்துக்கிறேன்னு சொல்லிருக்காங்க. அவங்களும் தனியாத்தான் இருக்காங்க."

ஜெயந்தினி தலையசைத்தாள். "அப்ப நல்லது" என்றாள். "பக்கத்துலயே இருந்தா ஒங்களுக்கும் சுகம்."

மேலே கூட்டிப் போய் தேத்தண்ணி கொடுத்தாள். பிள்ளைக்குப் பால் ஊற்றினாள். பிள்ளை பாதி குடித்துவிட்டு, வீட்டு நடுவில் கிடந்த கட்டிலைக் காட்டி, "இது ஏன் நடுவுல இருக்கு?" என்று கேட்டது. "கூட்டிப் பெருக்க" என்றாள் ஜெயந்தினி. பஸ் வரும் வரை குடையைப் பிடித்துக்கொண்டு அவர்களுடன் நின்றாள். பஸ்ஸில் இடம் இருந்தது. பிரியந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துக் கை காட்டினாள். ஜெயந்தினியும் காட்டினாள்.

மறுநாள் திங்கட்கிழமை. அவள் ஐந்தரைக்கு எழுந்து பாண் சாப்பிட்டு, பஸ்ஸில் பாடசாலைக்குப் போனாள். பனியால் பஸ் கொஞ்சம் தாமதம். மூன்றாம் ஆண்டில் பிள்ளைகள் குறைவாக வந்திருந்தார்கள். ஆறாம் ஆண்டுக்கு இலக்கணம் எடுத்தாள். இடைவேளையில் கணித ஆசிரியை கீழ் வீட்டு வேலை முடிந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றாள். பிற்பகல் தவணைப் பரீட்சைக்கான வினாத்தாள்களைப் பிரித்துக் கட்டினார்கள். திரும்பும் வழியில் தலவாக்கலையில் இறங்கி முட்டையும் பருப்பும் வாங்கினாள். மருந்துக் கடையில் தலைவலிக்கு வில்லை வாங்கினாள். கார்டுக்குக் கட்ட வேண்டிய குறைந்தபட்சத் தொகையைச் சொல்லி வங்கியிலிருந்து செய்தி வந்திருந்தது. சம்பளம் வந்ததும் கட்டலாம் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேலையைக் கழுவிப் போட்டாள். மழை பெய்ததால் உள்ளே கொடியில் போட்டாள். பருப்பும் சோறும் சமைத்தாள். ஒன்பது மணிக்குப் படுத்தாள்.